படகோட்டியின் அறிவும் உழைப்பும்: தமிழர் வாழ் நகர நீர்நிலைகளில் மாலைப் படகுப் பயணத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

நகர ஆறுகளிலும் கழிகளிலும் வழிகாட்டியின் துணையோடு மாலை வேளையில் கயாக் என்னும் சிறுபடகைத் தாமே செலுத்திச் செல்லும் பயணம், அண்மைக் காலச் சுற்றுலா வடிவங்களுள் ஒன்றாகும். இது புதிதாகத் தோன்றினும், மாலையில் நீர்மேல் செல்லும் இன்பம் தமிழர் நகர வாழ்வில் நீண்ட வரலாறு உடையது. அவ்வரலாற்றில் பயணியின் இன்பம் மிகுதியாகவும், படகைச் செலுத்தியவரின் உழைப்பும் நீரைப் பற்றிய அவரது அறிவும் அரிதாகவும் பதிவாகியுள்ளன. மதுரை வையை, மட்டக்களப்பு வாவி, சென்னை பக்கிங்காம் கால்வாய், கூவம், அடையாறு, சிங்கப்பூர் ஆறு, பிச்சாவரம் ஆகிய நீர்நிலைகளை ஒப்புநோக்கி, படகுப் பயணத்தில் பயணிக்கும் படகோட்டிக்கும் இடையிலான உறவு மாறிவந்த விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நகர ஆறு, மாலைப் படகுப் பயணம், படகோட்டி, பக்கிங்காம் கால்வாய், மட்டக்களப்பு வாவி, சிங்கப்பூர் ஆறு, கயாக்

முன்னுரை

தமிழில் நீர்க்கலங்களைக் குறிக்கும் சொற்கள் பல. அம்பி, ஓடம், தோணி, பஃறி, புணை, மிதவை, திமில், வங்கம், நாவாய், கலம் எனப் பழைய நூல்கள் சுட்டும் பெயர்கள், கலத்தின் அளவையும் பயனையும் அது செல்லும் நீரின் தன்மையையும் ஒட்டி வேறுபடுகின்றன. இக்கலங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கடல்வணிகத்தையும் கடற்படையையும் சார்ந்தே நிகழ்ந்துள்ளன. நகரத்தை ஒட்டிய ஆற்றிலும் கழியிலும் மக்கள் இன்பத்தின் பொருட்டுச் சென்ற சிறு பயணங்கள் அவற்றின் ஓரத்தில் நின்றுவிட்டன.

இப்பயணங்களின் வரலாற்றை எழுதுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பயணம் செய்தவர் எழுதுகிறார். படகு செலுத்தியவர் எழுதுவதில்லை. ஆகவே கிடைக்கும் பதிவுகளில் நிலவும் காற்றும் நீரோசையும் நிறைந்திருக்க, துடுப்பு பிடித்த கை மறைந்துவிடுகிறது. அக்கை வெளிப்படும் இடங்களைத் தேடி ஒருங்கே வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் முதல் நோக்கம். பயணி தன் படகைத் தானே செலுத்தும் கயாக் முறை அவ்வரலாற்றில் பெறும் இடத்தைக் கணிப்பது இரண்டாம் நோக்கம்.

1. ஆறும் படகும்: நில அமைப்பு விதிக்கும் எல்லை

ஆறு ஓடும் ஊர்களில் எல்லாம் படகுப் பயணம் தோன்றுவதில்லை. தமிழகத்தின் கிழக்கு நோக்கிப் பாயும் ஆறுகளுள் பல மழையை நம்பியவை; பெருக்குக் காலத்தில் கரைபுரண்டும் கோடையில் மணல்வெளியாகவும் இருப்பவை. பீங்கான் தொழிலால் அறியப்பட்ட விருத்தாசலத்தின் வழியே ஓடும் மணிமுத்தாறு இதற்குத் தக்க சான்று. கல்வராயன் மலைப்பகுதியில் தோன்றும் இவ்வாறு விருத்தாசலத்தைக் கடந்து கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. மங்கலம்பேட்டை முதலான சுற்றுவட்டார ஊர்களின் மக்கள் மாசி மகத்தன்று இவ்வாற்றங்கரையில் கூடுவர். நீராடலும் முன்னோர்க்கு நீர்க்கடன் செலுத்தலும் விருத்தகிரீசுவரர் கோயில் விழாவும் ஆற்றோடு அவர்கள் கொண்ட உறவின் வடிவங்கள். ஆண்டில் பல மாதங்கள் மணலாகக் கிடக்கும் ஆற்றில் இன்பப் படகுக்கு இடமில்லை.

அதே நீர் வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலைச் சேரும்போது நிலைமை மாறுகிறது. அங்குக் கடலின் ஏற்றவற்றம் ஆற்றுக்குள் நுழைந்து, மழையற்ற காலத்திலும் படகு மிதக்கும் ஆழத்தைத் தருகிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகுப் பயணம் நிலைபெற்றதும் இதனாலேயே. சென்னையில் கூவமும் அடையாறும் படகுக்கு உரியனவாக இருந்ததற்கும் அவற்றின் கழிமுகப் பகுதிகளே காரணம். எனவே, ஆண்டு முழுதும் நடைபெறக்கூடிய நகரப் படகுப் பயணம் பெரும்பாலும் ஆறு கடலைச் சந்திக்கும் இடத்துக்கோ, மனிதர் வெட்டிய கால்வாய்க்கோ, அணையிட்டுத் தேக்கிய நீருக்கோ உரியது. கழிமுகம் அடைபட்டால் படகும் நின்றுவிடும். சென்னையின் வரலாறு இதனை மெய்ப்பிக்கும்.

2. வையைத் துறையின் இருவகைக் கலங்கள்

நகரமும் ஆறும் இணைந்த இன்ப வாழ்வைப் பழந்தமிழ் நூல்களுள் மிக விரிவாகக் காட்டுவது பரிபாடல். வையையில் புதுப்புனல் வரும்போது மதுரை மக்கள் திரண்டு சென்று நீராடும் காட்சிகள் அந்நூலின் வையைப் பாடல்களில் இடம்பெறுகின்றன. அங்கு ஆறு என்பது விழாக்களம்; மக்கள் நீரில் இறங்கி அதனோடு கலந்து மகிழ்கின்றனர். படகில் அமர்ந்து நீரைக் காணும் இன்பத்தைவிட நீருக்குள் திளைக்கும் இன்பமே அங்கு மேலோங்கி நிற்கிறது.

படகோட்டும் தொழில் நகர ஆற்றில் முறைப்பட்டிருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. புறஞ்சேரி இறுத்த காதையில், வையையின் பெருந்துறையில் குதிரை முகமும் யானை முகமும் சிங்க முகமும் அமைந்த அம்பிகள் இயங்குவதாக இளங்கோவடிகள் குறிப்பிடுகிறார். முகப்பில் விலங்குருவம் செதுக்கிய இக்கலங்கள் நகரத்தின் பெருமிதத்துக்கு உரியவை. ஆயின் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு அத்துறைக்குச் செல்லாமல் மரப்புணையில் ஏறி ஆற்றைக் கடக்கின்றனர். ஒரே ஆற்றில் ஒரே காலத்தில் அணிசெய்த அம்பியும் எளிய புணையும் இயங்கின. எவர் எக்கலத்தில் ஏறுகிறார் என்பது அவருடைய நிலையை உணர்த்தியது. பொருள் இழந்து வேற்றூர் புகும் குடும்பத்துக்குப் பெருந்துறை உரியதாகத் தோன்றவில்லை. நீர்க்கலமும் சமூகப் படிநிலையும் ஒட்டியே வந்துள்ளன என்பதற்கு இது பழமையான சான்றுகளுள் ஒன்று.

தொழிற்படகின் பதிவும் பழைய நூல்களில் உண்டு. உப்பை விற்று நெல்லைப் பெற்றுத் திரும்பிய பஃறிகள், பந்தியில் கட்டிய குதிரைகளைப் போலக் கழியோரத்தில் பிணிக்கப்பட்டிருந்த காட்சியைப் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தை வருணிக்கும்போது தருகிறது. கழி அங்குச் சரக்குப் பாதை. அப்பாதையைத் தூர்ந்துபோகாமல் காப்பதில் நகரத்துக்கு அன்றாடத் தேவை இருந்திருக்கும்.

மாலையையும் நீரையும் இணைத்த வேறொரு மரபு தெப்பத் திருவிழா. திருமலை நாயக்கர் காலத்தில், 1645ஆம் ஆண்டளவில் அமைந்த மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தைப்பூச நாளில் இறைவனும் இறைவியும் தெப்பத்தில் உலா வருவர். விளக்கொளியில் தெப்பம் நீரைச் சுற்றிவர, மக்கள் கரையில் நின்று காண்பர். தெப்பம் வடம் பிடித்து இழுக்கப்படுகிறது. அவ்விழுப்பு தொண்டாகக் கருதப்படுவதால் மதிப்புக்கு உரிய செயலாகிறது. கூலிக்கு இழுக்கும் கைக்கு அம்மதிப்புக் கிட்டவில்லை என்பதைப் பிற்காலப் பதிவுகள் காட்டும்.

3. மட்டக்களப்பு, 1848: வழிகாட்டியான மீனவர்

வழிகாட்டியோடு சென்ற மாலைப் படகுப் பயணத்துக்குத் தெளிவான பதிவு ஒன்று ஈழத்துத் தமிழ் நகரமான மட்டக்களப்பிலிருந்து கிடைக்கிறது. இலங்கைக் குடியேற்றச் செயலராகப் பணியாற்றிய சர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1848ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மட்டக்களப்புக்கு வந்தபோது, வாவியின் அடியிலிருந்து இசையொலி எழுவதாகக் கேள்வியுற்றார். கோட்டையை அடுத்த துறைக்கு அண்மையில் அவ்வொலி கேட்கும் இடத்தை உள்ளூர் மீனவர் அறிந்திருந்தனர். நிலவு எழுந்தபின் அவர்களோடு படகில் அவ்விடத்துக்குச் சென்றார். 1859இல் வெளியான இலங்கை பற்றிய தம் நூலில் அவ்வனுபவத்தை விரிவாக எழுதினார்.

காற்றற்ற இரவில், ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழுவதைப் போன்ற மெல்லிய அதிர்வுகளைக் கேட்டதாக அவர் கூறுகிறார். படகின் மரப்பகுதியில் காதை வைத்தபோது ஒலி மிகுந்தது. இடம் மாறமாற ஒலியும் வேறுபட்டது. மீனவர் அதனை ஊரி எனப்படும் சிப்பியினத்தின் குரல் என்று விளக்கியதையும் அவர் பதிவு செய்துள்ளார்.

இப்பதிவின் சிறப்பு, அறிவின் இருப்பிடத்தை அது வெளிப்படையாகக் காட்டுவதில் உள்ளது. ஆட்சியாளர் கேட்பவராகவும் மீனவர் சொல்பவராகவும் அமைகின்றனர். எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், எத்தகைய காற்றில் ஒலி கேட்கும் என்பது வாவியில் நாள்தோறும் வலை வீசியவர்களுக்கே தெரிந்திருந்தது. அவர்கள் தந்த விளக்கம் அறிவியல் அளவில் சரியானதா என்பது வேறு வினா. விருந்தினர் ஒருவர் அவர்களின் துணையின்றி அவ்விடத்தைக் கண்டிருக்க இயலாது என்பது உறுதி. ஆயினும் நூலில் ஆசிரியரின் பெயர் நிற்க, மீனவர் பெயரற்ற கூட்டமாகவே இடம்பெறுகின்றனர்.

பின்னாளில் பாடும் மீன் மட்டக்களப்பின் அடையாளமாயிற்று. அந்நிலம் மீன்பாடும் தேன்நாடு எனப் போற்றப்பட்டது. யாழ் நூல் இயற்றிய விபுலாநந்த அடிகள் அவ்விசையை நீரரமகளிரின் பாடலாகக் கண்டு செய்யுள் செய்தார். கல்லடிப் பாலத்தை ஒட்டி முழுநிலா நாளில் படகேறி ஒலி கேட்கும் வழக்கம் பேசப்படுவதாயிற்று. மீனவரின் தொழிலறிவாக இருந்த ஒன்று, நகரத்தின் பொதுச் சொத்தாகவும் சுற்றுலாப் பயணியின் ஆவலாகவும் விரிந்தது.

4. பக்கிங்காம் கால்வாய், 1934: கவிஞரின் கண்ணில் பட்ட தோள்

சென்னையின் நீர்வழி வரலாறு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிய கட்டத்தை அடைந்தது. பாசில் காக்ரேன் என்பவரின் முயற்சியால் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட கால்வாய் 1806இல் பயன்பாட்டில் இருந்தது. பின்னர் அது வடக்கிலும் தெற்கிலும் நீட்டிக்கப்பட்டது. 1876-78 பெரும்பஞ்சத்தின்போது, நிவாரணப் பணியாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளப் பகுதி வெட்டப்பட்டது. அக்காலத்து ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. ஆந்திரத்துப் பெத்தகஞ்சம் முதல் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்ட இந்நீர்வழியில் விறகும் உப்பும் நெல்லும் சுண்ணாம்புச் சிப்பியும் நகரத்துக்கு வந்தன. பசித்த மக்கள் கூலிக்கு மண் வெட்டிய இடத்திலேயே பின்னர் நகரத்தார் மாலையில் தோணியேறினர் என்பது இக்கால்வாயின் வரலாற்றில் நினைவிற் கொள்ளத்தக்கது.

இத்தகைய பயணம் ஒன்றைப் பாரதிதாசன் தம் மாவலிபுரச் செலவு என்னும் பாடலில் பதிவு செய்தார். 1934ஆம் ஆண்டு தோழர்களுடன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குக் கால்வாய் வழியே தோணியில் சென்ற அனுபவம் அதன் பொருள். செலவு என்னும் சொல் பயணத்தைக் குறிக்கும் பழந்தமிழ் வழக்கு. மாலை வெயிலின் பொன்னொளி, இருள் சூழ்தல், நிலவின் எழுச்சி என ஒரு மாலைப் பயணத்தின் இன்பங்கள் யாவும் அதில் உள்ளன.

அவ்வளவில் நின்றிருந்தால் அப்பாடல் இயற்கை வருணனையாக மட்டும் அமைந்திருக்கும். கரையில் நடந்தபடி தோணிக் கயிற்றைத் தோளில் கொண்டு இழுப்பவனையும், தோணியில் நின்று கோலூன்றித் தள்ளுபவனையும் கவிஞர் காண்கிறார். காணப் பொறாமல் வருந்துகிறார். பயணியின் இன்பத்துக்கு விலையாக அமைந்த உடலுழைப்பு பாடலுக்குள் நுழைகிறது. தன்மதிப்பு இயக்கச் சிந்தனையோடும் பொதுவுடைமை நோக்கோடும் உறவு கொண்டிருந்த ஒரு கவிஞருக்கு அக்காட்சி இயற்கை வருணனைக்கு வெளியே நிற்கும் செய்தியாகத் தோன்றாதது இயல்பே.

1848ஆம் ஆண்டுப் பதிவையும் 1934ஆம் ஆண்டுப் பாடலையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு வேறுபாடு புலப்படும். முன்னது படகோட்டியின் அறிவைக் கண்டது. அவர் உழைப்பைப் பற்றிப் பேசவில்லை. பின்னது உழைப்பைக் கண்டு வருந்தியது. கால்வாயின் மதகுகளையும் ஆழத்தையும் சேற்றுப் பகுதிகளையும் அறிந்து இரவு முழுதும் தோணியைக் கொண்டுசெலுத்தும் திறன், அவ்வருத்தத்தினூடே தனியே கவனம் பெறவில்லை. படகோட்டியை முழுமையாகக் காண இவ்விரு பார்வைகளும் ஒருங்கே தேவைப்படுகின்றன.

5. கழகமும் படகுத் துறையும்: அடையாறு, கூவம்

கூலிக்கு இழுக்கும் தோணியும் விளையாட்டுக்குச் செலுத்தும் படகும் சென்னையில் ஒரே காலத்தில் நிலவின. 1867இல் நிறுவப்பட்ட சென்னைப் படகுக் கழகம் ஐரோப்பியரின் துடுப்பு விளையாட்டுக்கு உரியதாகத் தொடங்கி அடையாற்றங்கரையில் நிலைபெற்றது. இதற்குச் சற்று முன்பே, 1864இல், கொழும்புத் துடுப்புக் கழகம் தோன்றியிருந்தது. இரு கழகங்களுக்கும் இடையே படகுப் போட்டிகள் நடந்தன. அதே பத்தாண்டில் பிரிட்டனில் ஜான் மெக்ரெகர் என்பவர் கயாக்கின் அமைப்பைத் தழுவிய சிறுபடகில் ஐரோப்பிய ஆறுகளில் தனியே பயணம் செய்து 1866இல் நூல் வெளியிட்டார். துடுப்பு வலித்தலைத் தாமே விரும்பி மேற்கொள்ளும் ஓய்வுநேரச் செயலாக நடுத்தர வகுப்பினர் ஏற்ற காலம் அது. அடையாற்றில் துடுப்பு வலித்தவருக்கு அது உடற்பயிற்சி. சிறிது தொலைவில் கால்வாயில் தோணி இழுத்தவருக்கு அதுவே அன்றைய உணவு. ஒரே உடலசைவு இருவேறு மதிப்புப் பெற்றது.

விடுதலைக்குப் பின் படகுப் பயணத்தைப் பொதுமக்களுக்கு உரியதாக்கும் முயற்சியை அரசு மேற்கொண்டது. கூவம் சீரமைப்புத் திட்டம் 1967இல் தொடங்கப்பட்டு, 1970களின் தொடக்கத்தில் ஆற்றங்கரையில் படகுத் துறைகள் கட்டப்பட்டன. உல்லாசப் படகுகளும் விடப்பட்டன. கழக உறுப்பினர் அல்லாதோரும் கட்டணம் செலுத்தி நகரத்தின் நடுவே ஆற்றில் செல்லலாம் என்பது இத்திட்டத்தின் சமூகப் பொருள். ஆயினும் அப்படகுகள் நெடுங்காலம் ஓடவில்லை. துறைகளின் எச்சங்கள் கரையில் தங்கின.

இத்தோல்விக்குரிய காரணங்கள் படகுக்கு வெளியே உள்ளன. முதலாவது, கழிமுகம். தமிழகக் கிழக்குக் கரையில் கடல்மணலின் நகர்வு பெரிதும் வடக்கு நோக்கியது. சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் அம்மணலைத் தடுத்ததால் துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. மெரினாக் கடற்கரை அகன்றதும் கூவத்தின் வாயில் மணல்திட்டு அடைத்ததும் ஒரே செயலின் இரு விளைவுகள். கடல்நீர் உட்புகாத ஆறு தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ளும் வாய்ப்பை இழந்தது. இரண்டாவது, நகரத்தின் கழிவுநீர். மழைநீர் குறைந்த மாதங்களில் ஆற்றில் ஓடியதில் பெரும்பகுதி அதுவே.

மூன்றாவது காரணம் தொழிற்படகின் மறைவு. தொடர்வண்டியும் சாலையும் சரக்கைக் கவர்ந்தன. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் பக்கிங்காம் கால்வாயைச் சிதைத்தன. விறகுத் தோணி ஓடிய வரையில் கால்வாயைத் தூர்வாரவும் மதகுகளைப் பேணவும் பொருளாதாரத் தேவை இருந்தது. தோணி நின்றதும் அத்தேவை நின்றது. நீர்வழி, வெற்றிடமாகவும் வடிகாலாகவும் பார்க்கப்படலாயிற்று. பின்னர் பறக்கும் தொடர்வண்டித் தடத்தின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே எழுப்பப்பட்டன. 1995இல் சேப்பாக்கம் வரையிலும் 1997இல் மயிலை வரையிலும் 2007இல் வேளச்சேரி வரையிலும் அத்தடம் நீண்டது. பாரதிதாசனின் தோணி சென்ற நீர்வழியின் நகரப் பகுதியில் இன்று பெரும்படகு செல்ல வழியில்லை. 2008இல் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான கால்வாய்த் தொடர் உள்ளிட்ட நீர்வழி, நான்காம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. நீர்வழியைச் சட்டத்தில் அறிவித்தல் எளிது. தூண்கள் நிற்கும் கால்வாயில் அதனை நடைமுறைப்படுத்தல் அரிது.

6. சிங்கப்பூர் ஆறு: தூய்மையும் இடப்பெயர்வும்

சென்னையின் தோல்வியோடு ஒப்பிடத்தக்க வெற்றி சிங்கப்பூர் ஆறு. இவ்வாற்றுக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கேற்றிய படகுத் தொழிலில், சூலியா எனப்பட்ட சோழமண்டலக் கரைத் தமிழ் முசுலிம்கள் முதன்மையாக ஈடுபட்டிருந்தனர். பின்னர் அத்தொழில் பெரும்பாலும் சீனர் கைக்கு மாறியது.

1977ஆம் ஆண்டு பிப்ரவரியில் அன்றைய தலைமை அமைச்சர் லீ குவான் இயூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் தூய்மையாக்க வேண்டும் என அறைகூவினார். 1987இல் பணி நிறைவுற்றது. கழிவுநீர் இணைப்பு அமைத்தல், கரையோரக் குடியிருப்பினரையும் தெருவணிகரையும் மாற்றிடத்தில் குடியமர்த்தல், பன்றி, வாத்துப் பண்ணைகளை அகற்றல், ஆற்றடிச் சேற்றை நீக்கல் ஆகியவை படிப்படியாக நிகழ்ந்தன. படகுத் துறைகள் முதலில் கட்டப்பட்ட கூவத்திலிருந்து இவ்வரிசை வேறுபடுகிறது. ஆற்றில் நுழையும் அழுக்கைத் தடுத்தல் முதற்படியாகவும் இன்பப் பயணம் இறுதிப் பயனாகவும் அங்கு அமைந்தன. 2008இல் மெரினா அணை திறக்கப்பட்டபின் நகர நடுவே நன்னீர்த் தேக்கம் உருவாயிற்று. விளக்கொளி மிகுந்த நகரை நீர்மட்டத்திலிருந்து காணும் கயாக் பயணங்களுக்கும் அது களமாயிற்று.

இவ்வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. 1983இல் ஏறத்தாழ 800 சரக்குப் படகுகள் ஆற்றிலிருந்து அகற்றப்பட்டுப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. தலைமுறைகளாக ஆற்றை நம்பியிருந்த படகுத் தொழிலாளர் அதனை விட்டு நீங்க நேர்ந்தது. ஆறு தூய்மையானபோது ஆற்றை மிக நெருக்கமாக அறிந்தவர் அங்கு இல்லை. அவர்களது படகின் வடிவம் மட்டும் சுற்றுலாப் படகாக எஞ்சியது. சென்னையில் நீர் கெட்டதால் படகோட்டி மறைந்தார். சிங்கப்பூரில் நீர் தூய்மையாகும் வழியில் மறைந்தார். நகர ஆற்றின் மீட்சியைத் திட்டமிடுவோர் கருத வேண்டிய வினா இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளது.

7. கயாக்: பயணியே படகோட்டி

கயாக் என்பது வடதுருவப் பகுதி இன்யூட் மக்களின் வேட்டைக்கலம். மரத்தாலோ எலும்பாலோ அமைந்த சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்து, ஒருவர் அமருமளவு அமைத்து, இரு முனைகளிலும் தகடு கொண்ட துடுப்பால் அதைச் செலுத்தினர். ஓசையின்றி இரையை அணுகுவதற்கென உருவான கலம் அது. 1936 பெர்லின் ஒலிம்பிக் போட்டியில் கயாக் முழுமையான விளையாட்டாக இடம்பெற்றது. பிற்காலத்தில் நெகிழி முதலான பொருள்களால் செய்யப்பட்டு உலகெங்கும் பரவியது. சென்னையை அடுத்த கோவளம், முட்டுக்காடு கழிப்பகுதிகளிலும் இன்று கயாக் செலுத்தப்படுகிறது.

செலுத்துபவரும் செல்பவரும் ஒருவரேயாகும் கலம் தமிழருக்குப் புதிதன்று. கட்டுமரத்தில் மீனவர் நீரோடு ஒட்டி மண்டியிட்டுத் துடுப்பு வலித்தார். அலையின் ஒவ்வோர் அசைவும் அவர் உடலில் பட்டது. கயாக்கில் அமரும் நகரத்தார் பெறும் அனுபவமும் இதற்கு அணித்தானது. பாலத்திலிருந்தோ விசைப்படகிலிருந்தோ காணும்போது தெரியாதவை நீர்மட்டத்தில் தெரிகின்றன: கழிவுநீர்க் குழாயின் வாய், கரையில் சிக்கிய நெகிழிப் பை, அலையாத்தி வேரிடை மீன்குஞ்சு, வற்றத்தின்போது வெளிப்படும் சேறு.

வரலாற்று நோக்கில் இதன் முதன்மை, உழைப்பு இடம் மாறியதில் உள்ளது. 1934இல் கவிஞர் காணப் பொறாத தோள்வலி இங்குப் பயணியின் தோளுக்கே வந்து சேர்கிறது. படகோட்டியிடம் எஞ்சுவது வழிகாட்டும் அறிவு. ஏற்றவற்றத்தின் வேளை, காற்றின் திசை, ஆழமற்ற இடம், இருள்வதற்குள் திரும்பவேண்டிய எல்லை ஆகியவற்றை அறிந்தவரே மாலைப் பயணத்தை நடத்த இயலும். மட்டக்களப்பு மீனவர் 1848இல் நின்ற இடத்துக்கு இவ்வமைப்பு திரும்பி வருகிறது. ஆனால் அவ்விடத்தில் இன்று நிற்பவர் நீரோடு வாழ்ந்தவராகவும் இருக்கலாம். குறுகிய காலப் பயிற்சி பெற்று வெளியிலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். உயிர்க்காப்பு அங்கியும் மீட்புப் பயிற்சியும் இருவருக்கும் தேவை. நீரின் நினைவு முன்னவரிடமே உள்ளது.

இவ்வகையில் பிச்சாவரம் கவனத்துக்கு உரியது. ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்புள்ள அலையாத்திப் பகுதியின் குறுகிய கால்வாய்களில் துடுப்புப் படகுகள் பயணிகளை அழைத்துச் செல்கின்றன. 1975இல் வெளிவந்த இதயக்கனி திரைப்படத்தின் காட்சிகள் இவ்விடத்தைத் தமிழகமெங்கும் அறியச் செய்தன. கிளைகள் கவிந்த ஓடைகளில் எந்த வழி திரும்பினால் வெளியேறலாம் என்பதைப் பலமுறை சென்று பழகியவரே அறிவர். 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களோடு இணைந்து சிதைந்த அலையாத்திப் பரப்பில் கால்வாய்கள் வெட்டி, ஏற்றநீர் உட்புகச் செய்து, காட்டை மீட்டன. நீரோட்டம் மீண்ட பின்னரே மரம் தழைத்தது. கூவத்துக்கும் பொருந்தும் பாடம் இது. மேற்கே மங்கலம்பேட்டை வட்டாரத்தைக் கடந்துவரும் மணிமுத்தாற்று நீரும் வெள்ளாற்றின் வழியே இக்கழிமுகத்தைச் சேர்கிறது. ஆதலின் மேலாற்றில் தேக்கப்படும் நீரும் அங்கு விடப்படும் கழிவும் கீழாற்றுப் படகோட்டியின் வாழ்வோடு தொடர்புடையன.

முடிவுரை

மாலைப் படகுப் பயணத்தின் வரலாற்றை ஒருங்கே நோக்கும்போது மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவது, இன்பப் படகு நகர ஆற்றைத் தானே காத்துக்கொண்டதற்குச் சான்று இல்லை. சரக்குத் தோணி ஓடிய காலத்தில் அத்தேவை கால்வாயைக் காத்தது. தோணி மறைந்தபின் கழிமுகத்தைத் திறத்தலும் கழிவுநீரைத் தடுத்தலும் அரசின் திட்டமிட்ட செயலாக அமைந்த இடத்திலேயே இன்பப் பயணம் நிலைத்தது. கூவமும் சிங்கப்பூர் ஆறும் இதன் இரு பக்கங்கள்.

இரண்டாவது, பயணிக்கும் படகோட்டிக்கும் இடையிலான உறவு காலந்தோறும் மாறியுள்ளது. வையைத் துறையில் அது கலத்தின் வேறுபாடாகவும், மட்டக்களப்பில் அறிவின் பகிர்வாகவும், பக்கிங்காம் கால்வாயில் உழைப்பின் சுமையாகவும் வெளிப்பட்டது. கயாக் அச்சுமையைப் பயணியிடம் ஒப்படைத்து, அறிவை மட்டும் வழிகாட்டியிடம் விடுகிறது.

மூன்றாவது, அவ்வறிவுக்கு உரியவர் யார் என்பது இன்னும் தீராத வினா. மீனவரும் கழிவாழ் மக்களும் வழிகாட்டிகளாக உரிய ஊதியத்தோடும் பெயரோடும் இடம்பெறும்போது, டெனன்டின் நூலில் பெயரற்று நின்ற மீனவரின் வழித்தோன்றல்கள் தம் நீரைப் பற்றித் தாமே பேசும் நிலை உருவாகும். அவர்கள் விலக்கப்படின், தூய்மையான ஆற்றிலும் பழைய படிநிலையே தொடரும். சென்னை, கடலூர் மாவட்டக் கழிமுகங்களின் படகுத் தொழிலாளரிடமிருந்து வாய்மொழி வரலாறுகளைத் தொகுத்தல் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.